எலும்பைக் காக்கும் மருந்தும் தாடையெலும்பு நசிவும்

மருந்து என்னும் சொல்லைக் கேட்டவுடன் நலம் என்னும் எண்ணமே நம் உள்ளத்தில் முதலில் எழுகின்றது. நோயைத் தணிப்பதும் ஆயுளை நீட்டிப்பதும் மருந்தின் இயல்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் உடலின் ஓரிடத்தில் நன்மை விளைக்கும் பொருள், மிகச் சிலருக்கு வேறோர் இடத்தில் தீங்கு விளைத்தலும் உண்டு. அத்தகைய தீங்கு ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம். எலும்பை வலுப்படுத்தவும் எலும்பில் பரவிய புற்றுநோயைக் கட்டுப்படுத்தவும் அளிக்கப்படும் சில மருந்துகளால், தாடையெலும்பின் ஒரு பகுதி உயிரற்றுப் போகும் நோயே அது.

தமிழ்த்துறை மலரில் மருத்துவக் கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பதாகும். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. இந்நான்காம் கூறாக விளங்குவோர் நம் மாணவர்களே. பாட்டியின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்பவரும், தாத்தாவைப் பேருந்தில் அழைத்துச் செல்பவரும் அவர்களே அல்லவா? அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியை அவர்கள் மொழியில் சொல்வது தமிழ்த்துறையின் பணியே என்று கருதுகின்றோம்.

நோயின் பெயரும் பொருளும்

எலும்பு உயிருள்ள உறுப்பு. அதற்குக் குருதியோட்டம் உண்டு, உணர்ச்சி உண்டு, தேய்வும் வளர்ச்சியும் உண்டு. யாதேனும் ஒரு காரணத்தால் எலும்பின் ஒரு பகுதி உயிரிழந்து போவதை 'எலும்பு நசிவு' எனலாம். மருந்தின் காரணமாகத் தாடையில் இது நிகழும்போது 'மருந்துசார் தாடையெலும்பு நசிவு' என்று வழங்குதல் பொருந்தும்.

இந்நோயை உறுதி செய்வதற்கு மருத்துவ உலகம் மூன்று அடையாளங்களை வகுத்துள்ளது. முதலாவது, எலும்பின் தேய்வைத் தடுக்கும் மருந்துகளை நோயாளி தற்போது பெற்று வருதல் அல்லது முன்பு பெற்றிருத்தல். இரண்டாவது, தாடையில் எலும்பு வெளியே தெரிதல், அல்லது வாய்க்குள்ளோ முகத்தின் தோலிலோ உள்ள புரைவழியே எலும்பைத் தொட இயலுதல். இந்நிலை எட்டு வாரங்களுக்கு மேல் ஆறாதிருத்தல். மூன்றாவது, அத்தாடைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடைபெறாதிருத்தலும், புற்றுநோய் தாடையில் பரவியிராமையும். இம்மூன்றும் ஒருங்கே அமையுமிடத்து நோய் இதுவே எனத் துணியலாம். எட்டு வாரம் என்பது நோய்க்குப் பெயரிடுவதற்கான கணக்கு. மருத்துவரை நாடுவதற்கு அத்துணை நாள் காத்திருத்தல் கூடாது.

தீக்குச்சி சொல்லும் பழைய வரலாறு

தாடையெலும்பு உயிரிழக்கும் கொடுமையை உலகம் முதன்முதலில் கண்டது மருத்துவமனையில் அன்று, தீப்பெட்டித் தொழிற்சாலையில். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெண் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சிகள் செய்யப்பட்டன. அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்களுக்கு முதலில் பல்வலி தோன்றும். பின்னர் ஈறு வீங்கிச் சீழ் வடியும். இறுதியில் தாடையெலும்பு துண்டு துண்டாக இற்று வீழும். வியன்னா நகர மருத்துவர் லோரின்சர் 1845ஆம் ஆண்டு இந்நோயைப் பற்றி எழுதினார்.

1888ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய அவல நிலையைத் தம் எழுத்தால் நாடறியச் செய்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து 1933இல் மறைந்த அதே அம்மையார்தாம் இவர். 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய உடன்பாடு கண்டன. இந்தியாவில் 1913ஆம் ஆண்டு அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் பயின்று திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியபோது அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் தீங்கற்ற செம்பாஸ்பரசைப் பூசும் முறை அதற்கு முன்பே பரவிவிட்டது. ஆகவே அந்தத் தாடைநோய் மருத்துவ நூல்களில் மட்டும் எஞ்சிய பழங்கதையாயிற்று.

அப்பழங்கதை 2003ஆம் ஆண்டு புது வடிவில் திரும்பியது. அமெரிக்காவின் மயாமி நகர வாய்முக அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ், தாடையெலும்பு வெளிப்பட்டு ஆறாத 36 நோயாளிகளைப் பற்றி அவ்வாண்டு அறிவித்தார். அவர்களுள் எவரும் தீப்பெட்டித் தொழிலாளர் அல்லர். பாமிட்ரோனேட், சோலெட்ரோனேட் என்னும் எலும்பு மருந்துகளைப் பெற்றவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டே 63 நோயாளிகளைப் பற்றிய மற்றோர் அறிக்கை வெளிவந்தது. அம்மருந்துகளும் பாஸ்பரஸ் அணுக்களைக் கொண்ட 'பிஸ்பாஸ்போனேட்' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது எண்ணத்தக்கது. பின்னர் இக்குடும்பத்தைச் சாராத வேறு மருந்துகளாலும் இந்நோய் வருவது தெரியவந்தமையின், 2014ஆம் ஆண்டு அமெரிக்க வாய்முக அறுவை மருத்துவர் சங்கம் 'மருந்துசார்' என்னும் பொதுப் பெயரை நோய்க்குச் சூட்டியது.

எலும்பின் இயல்பும் மருந்தின் செயலும்

நம் எலும்பு ஒரு பழைய வீட்டைப் போன்றது. பழுதான செங்கல்லைப் பெயர்த்தெடுக்க ஒரு கூட்டமும், புதுக்கல் வைத்துக் கட்ட ஒரு கூட்டமும் அங்கே ஓயாது வேலை செய்கின்றன. பெயர்த்தெடுக்கும் உயிரணுக்களை 'எலும்பு கரைப்பான்கள்' என்றும், கட்டும் உயிரணுக்களை 'எலும்பு ஆக்கிகள்' என்றும் கூறலாம். இளமையில் கட்டும் வேலை மிகும். முதுமையில், சிறப்பாக மாதவிலக்கு நின்ற பெண்களிடத்து, பெயர்க்கும் வேலை மிகும். அப்போது எலும்பு உட்புரையோடி வலுவிழக்கும். இதனையே நாம் எலும்புத் தேய்மானம் என்கின்றோம். குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டியின் இடுப்பெலும்பு முறிவதற்கும், காரணமின்றி முதுகு கூனுவதற்கும் இதுவே அடிப்படை.

பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் எலும்பில் சென்று படிந்து, கரைப்பான்களின் வேலையை ஒடுக்குகின்றன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃபிளைஷ் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1960களில் மேற்கொண்ட ஆராய்ச்சியின் பயனாக இவை மருத்துவத்திற்கு வந்தன. வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட், ரைசெட்ரோனேட் மாத்திரைகளும், மாதம் ஒருமுறை கொள்ளும் இபாண்ட்ரோனேட்டும், ஆண்டுக்கொருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலமும் இக்குடும்பத்தினவே. டெனோசுமாப் என்னும் ஊசி மருந்து வேறு வழியில் அதே வேலையைச் செய்கின்றது. எலும்புத் தேய்மானத்திற்கு அது ஆறு மாதத்திற்கு ஒருமுறை தோலடியில் செலுத்தப்படுகின்றது.

மார்பகம், முன்னிற்குஞ்சுரப்பி ஆகியவற்றில் தோன்றிய புற்றுநோய் எலும்பில் பரவினாலும், எலும்பு மச்சையில் மையலோமா என்னும் புற்றுநோய் தோன்றினாலும், இம்மருந்துகள் மிகுந்த அளவில், மாதந்தோறும் அல்லது மூன்று மாதத்திற்கு ஒருமுறை தரப்படுகின்றன. அவை எலும்பு வலியைத் தணித்து முறிவைத் தடுக்கின்றன. புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணராக விளங்கியவர். அக்காலத்தில் எலும்பில் பரவிய புற்றுநோய்க்கு இத்தகைய மருந்து இல்லை. இன்று உண்டு. எனவே இம்மருந்துகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவற்றின் பயன் பெரிது; அப்பயனை நோயாளி இழந்துவிடாமல், அரிதாக வரும் தீங்கை விலக்கிக் கொள்ளும் வழியை ஆராய்வதே நோக்கம்.

தாடை மட்டும் ஏன்?

உடலில் இருநூற்றுக்கும் மேற்பட்ட எலும்புகள் இருக்கத் தாடையை மட்டும் இந்நோய் நாடுவது ஏன் என்னும் வினா எழுதல் இயல்பு. முழுமையான விடை இன்னும் ஆராய்ச்சியில் உள்ளது. எனினும் சில காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. மற்ற எலும்புகளைத் தசையும் தோலும் போர்த்தியிருக்கத் தாடையெலும்பை மெல்லிய ஈறு ஒன்றே மூடியிருக்கின்றது. பல் என்பது அந்த எலும்பினின்று வாய்க்குள் நீட்டி நிற்கும் உறுப்பு; ஆகவே சொத்தையும் ஈறுநோயும் நேரே எலும்புக்குள் கிருமிகளைக் கொண்டு சேர்க்கின்றன. மெல்லும் அழுத்தத்தால் தாடையெலும்பு மற்றவற்றைக் காட்டிலும் விரைந்து புதுப்பிக்கப்பட வேண்டியுள்ளது. பல்லைப் பிடுங்கிய குழி ஆறுவதற்குப் பழைய எலும்பு கரைந்து புதிய எலும்பு உருவாதல் இன்றியமையாதது. கரைப்பான்கள் ஒடுங்கிக் கிடக்கும்போது அக்குழி ஆறாது நிற்கின்றது, கிருமிகள் குடியேறுகின்றன, எலும்பு நசிகின்றது. மேல்தாடையைக் காட்டிலும் கீழ்த்தாடையிலேயே இது மிகுதியாகக் காணப்படுகின்றது. நோயாளிகள் பலருக்குப் பல் பிடுங்கியதே தொடக்கமாக அமைகின்றது. பொருந்தாத பல்செட்டின் உராய்வும் சிலருக்குக் காரணமாகின்றது. எவ்விதக் காரணமும் தெரியாமல் தானே தோன்றுதலும் உண்டு.

அச்சத்திற்கு அளவு வேண்டும்

எலும்புத் தேய்மானத்திற்காக பிஸ்பாஸ்போனேட் பெறுவோருள் பதினாயிரவரில் ஏறத்தாழ இருவர் முதல் ஐவர் வரையே இந்நோய்க்கு ஆளாகின்றனர். டெனோசுமாப் பெறுவோரிடத்து இது சற்று மிகலாம், ஆயினும் அரிதே. புற்றுநோய்க்காக மிகுந்த அளவில் ஊசி பெறுவோரிடத்து இது கூடுதல். எனினும் பெரும்பாலான ஆய்வுகளில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவே. மருந்து கொள்ளும் காலம் நீள நீள வாய்ப்பு மிகும். ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்வோர், சர்க்கரை நோய் கட்டுப்படாதோர், புகைப்போர், புகையிலை மெல்லுவோர், ஈறுநோய் உடையோர் ஆகியோர் கூடுதல் விழிப்புடன் இருத்தல் வேண்டும். புற்றுநோய்க்குத் தரப்படும் பெவாசிசுமாப், சுனிட்டினிப் போன்ற மருந்துகளும் இத்தாடை நோயுடன் தொடர்புடையன என்று கூறப்படுகின்றது.

இச்செய்தியைக் கேட்டவுடன் எலும்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுதல் பெரும் பிழை. பதினாயிரவரில் ஐவருக்கு வரும் நோய்க்கு அஞ்சி, முதுமையில் மிகப் பலருக்கு நேரும் இடுப்பெலும்பு முறிவை வரவேற்பது அறிவுடைமை ஆகாது. அதிலும் டெனோசுமாப் ஊசியை உரிய நாளில் போடாது விட்டால், எலும்புத் தேய்வு முன்னினும் விரைந்து திரும்பி, முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிதலும் உண்டு. அலெண்ட்ரோனேட் போன்றவையோ நிறுத்திய பின்னும் பல ஆண்டுகள் எலும்பிலேயே தங்குவன. ஆகவே பல் பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன் மாத்திரையை நிறுத்துவதால் பயனேதும் இல்லை. நிறுத்துவதா, தொடர்வதா என்பதை மருந்தளித்த மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்தே முடிவு செய்தல் வேண்டும்.

அடையாளம் காணும் வழி

கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று தோன்றினும் பல் மருத்துவரை உடனே நாடுதல் வேண்டும்.

1. பல் பிடுங்கிய குழி சில வாரங்கள் ஆகியும் மூடாதிருத்தல்.
2. ஈற்றின் நடுவே மஞ்சள் கலந்த வெண்ணிறத்தில் கரடான எலும்பு தெரிதல்; நாக்கில் உரசுதல்.
3. தாடையில் ஓயாத நோவு அல்லது பாரம்.
4. கீழுதடும் மோவாயும் மரத்துப் போதல்.
5. ஈறுநோய் இல்லாதிருந்தும் பற்கள் ஆடுதல்.
6. ஈறு வீங்கிச் சீழ் வடிதல். வாயில் நீங்காத துர்நாற்றம்.
7. மோவாயின் கீழோ கன்னத்திலோ தோலில் துளை விழுந்து நீர் கசிதல்.

தொடக்கத்தில் வலியே இல்லாதிருத்தலும் கூடும். வலியில்லை என்று எண்ணி வாளாவிருத்தல் தகாது.

மருத்துவர்கள் இந்நோயை நிலைகளாகப் பகுப்பர். எலும்பு வெளிப்படாமல் நோவும் ஆட்டமும் மட்டும் காணப்படுவது சுழி நிலை. எலும்பு வெளிப்பட்டும் வலியும் சீழும் இல்லாதிருப்பது முதல் நிலை. வெளிப்பட்ட எலும்போடு வலியும் கிருமித் தொற்றும் சேர்வது இரண்டாம் நிலை. நசிவு பற்களின் எல்லையைக் கடந்து தாடையின் அடிவிளிம்பு வரையோ, மேல்தாடையின் காற்றறை வரையோ பரவுதலும், தாடை முறிதலும், தோலில் புரை விழுதலும் மூன்றாம் நிலை. முழுத்தாடை எக்ஸ்ரே படமும், தேவையெனில் சி.டி. ஸ்கேன் படமும் நசிவின் பரப்பைக் காட்டும்.

ஆறாத வாய்ப்புண் யாவும் இந்நோய் என்று கொள்ளுதல் கூடாது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கமுள்ள நம் பகுதியில் வாய்ப்புற்றுநோயை முதலில் ஐயுற வேண்டும். 2021ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், சர்க்கரை நோயாளிகள் பலரின் மேல்தாடையைக் கறுப்புப் பூஞ்சை நோய் அரித்ததை நாடே அறியும். கழுத்துக்கும் முகத்துக்கும் கதிர்வீச்சு பெற்றோருக்கு வரும் எலும்பு நசிவு வேறு வகை. இவற்றுக்கெல்லாம் சிகிச்சை வெவ்வேறு. எனவே தாமாக நோயின் பெயரைத் தீர்மானித்துக் கொள்ளலாகாது.

வருமுன் காத்தல்

இந்நோயில் தடுப்பே தலைசிறந்த மருத்துவம். எலும்பு மருந்து தொடங்குமுன், சிறப்பாகப் புற்றுநோய்க்கான ஊசி தொடங்குமுன், பல் மருத்துவரிடம் வாயை முழுமையாகக் காட்டுதல் வேண்டும். காக்க இயலாத பற்களை அப்போதே நீக்கி, ஈறு மூடிய பின்னர் மருந்தைத் தொடங்குவது நன்று. புற்றுநோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போட இயலாத நிலையில் மருத்துவர் சொல்வதே முடிவு. பல்செட் அணிவோர் அது உராயாதவாறு சரிசெய்து கொள்ளுதல் வேண்டும்.

மருந்து தொடங்கிய பின், ஆறு மாதத்திற்கு ஒருமுறை பல் மருத்துவரைக் காணுதல் வேண்டும். சொத்தையை அடைத்தல், பற்களைச் சுத்தம் செய்தல், வேர்ச் சிகிச்சை ஆகியவற்றை அச்சமின்றிச் செய்து கொள்ளலாம். புற்றுநோய்க்கான ஊசி பெறுவோர் பல்லைப் பிடுங்குவதற்கு மாற்றாக, வேர்ச் சிகிச்சை செய்து பல்லின் மேற்பகுதியை மட்டும் நீக்கி வேரை விட்டுவைக்கும் முறையை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. செயற்கைப் பல்லை எலும்பில் திருகிப் பதிக்கும் முறையை அவர்கள் தவிர்ப்பது நலம். எலும்புத் தேய்மானத்திற்கு டெனோசுமாப் பெறுவோர் பல் பிடுங்க நேரின், ஊசி போட்டு மூன்று நான்கு மாதம் கழிந்தபின் நாள் குறித்து, அடுத்த ஊசிக்குள் புண் ஆறுமாறு செய்வர்.

பல்தூய்மையின் சிறப்பை நம் சமுதாயத்திற்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. தொழுகைக்கு முன் மிஸ்வாக் செய்தலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்திய செய்தி சிறுவரும் அறிந்ததே. அந்நன்னெறி இந்நோய்க்கும் அரணாகின்றது. மிஸ்வாக் குச்சியின் நுனியை நீரில் ஊறவைத்து மென்மையாக்கிப் பற்களின் மீது தேய்த்தல் வேண்டும். ஈற்றில் புண்ணுள்ள இடத்தில் குத்துதல் ஆகாது. வாராந்திர மாத்திரை கொள்வோர் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் வெறும் நீரோடு விழுங்கி, அரைமணி நேரமேனும் படுக்காதிருத்தல் வேண்டும் என்பது விதி. ரமளானில் ஸஹர் உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாக எழுந்து அதனை விழுங்கினால் நோன்புக்கும் மருந்துக்கும் இடையூறு இல்லை. மாத்திரையை மெல்லுதலும் வாயில் கரையவிடுதலும் கூடாது, வாய்ப் புண்ணாகும்.

குர்துபா நகரின் அஸ்-ஸஹ்ராவி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் 'அத்-தஸ்ரீஃப்' என்னும் பெருநூலில் பல் மருத்துவக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கியவர். பல்லைப் பிடுங்க விரைதல் கூடாது. நோயுள்ள பல் எதுவென்று தேர்ந்து தெளிந்தபின்னரே பிடுங்க வேண்டும் என்று அவர் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை இன்றைய எலும்பு மருந்துகளின் காலத்திற்கு இன்னும் மிகுதியாகப் பொருந்துகின்றது.

வந்தபின் செய்ய வேண்டியவை

நோய் வந்துவிட்டதெனில் மனம் தளர வேண்டுவதில்லை. முதல் நிலையில் கிருமிநாசினி நீர் கொண்டு வாய் கொப்பளித்தல், வெளிப்பட்ட எலும்பைத் தூய்மையாக வைத்தல், இடைவிடாத கண்காணிப்பு ஆகியவை முதன்மை பெறும். குளோர்ஹெக்சிடின் என்னும் கொப்பளிப்பு மருந்து பெரிதும் பயன்படுகின்றது. இரண்டாம் நிலையில் வலி நீக்கிகளும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் சேர்க்கப்படும். தானே பிரிந்து ஆடும் உயிரற்ற எலும்புத் துண்டை மருத்துவர் எளிதில் நீக்குவர். மூன்றாம் நிலையில் நசிந்த பகுதியை அறுவை செய்து அகற்றி, தேவைப்படின் தாடையை மறுசீரமைப்பர். அறுவையை இறுதிவரை ஒத்திப்போட வேண்டும் என்பது முன்னைய கருத்து. தக்க நோயாளிகளுக்குத் தொடக்க நிலைகளிலேயே அறுவை நற்பயன் தருகின்றது என்பதை 2022ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுரை ஏற்றுக்கொண்டுள்ளது.

செய்யத் தகாதனவும் உள. தெரியும் எலும்பை ஊசியாலோ குச்சியாலோ நெம்பலாகாது. கிராம்புத் தைலத்தையும் சுண்ணாம்பையும் தடவலாகாது. கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கி நாள் கடத்தலாகாது. சந்தையிலும் சாலையோரத்திலும் பல் பிடுங்குவோரிடம் வாயைக் காட்டலாகாது.

குளத்தூர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. காட்டிலும் களத்திலும் உழைத்து ஓய்ந்த நம் பாட்டிமாரும் நன்னிமாரும் இடுப்பு வலிக்கு மருந்து பெறத் திருச்சிக்கும், பல்வலிக்குக் கீரனூருக்கோ புதுக்கோட்டைக்கோ செல்வர். ஓரிடத்து மருத்துவர் கொடுத்த மருந்து மற்றோரிடத்து மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. ஆண்டுக்கொருமுறை போட்ட ஊசியை நோயாளியே மறந்துவிடுவார்; 'மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா?' என்று பல் மருத்துவர் வினவினால், 'இல்லை' என்றே விடை வரும். ஊசி மாத்திரை அன்றே! இந்த இடைவெளியிலேதான் தீங்கு நுழைகின்றது. புதுக்கோட்டையில் 2017ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரியும் 2023ஆம் ஆண்டு அரசு பல் மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டமையால், இருவகை மருத்துவர்களின் ஆலோசனையும் இன்று நம் மாவட்டத்திலேயே கிடைக்கின்றது. செய்தியை இருவருக்கும் இடையே கொண்டு சேர்ப்பதே எஞ்சிய வேலை.

தமிழால் ஆவது

மருந்துறையில் அச்சிட்ட எழுத்துகளோ ஆங்கிலம்; உண்பவர் அறிந்ததோ தமிழ். இக்குறையை முன்பே உணர்ந்தவர் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அவ்வமெரிக்கர், தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் பயிற்றினார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அந்நெறியில் நம் மாணவர்கள் செய்யக்கூடிய சிறு பணி ஒன்று உண்டு. வீட்டில் எலும்பு மருந்து பெறும் முதியோர் இருப்பின், ஓர் அட்டையில் தமிழில் பின்வருமாறு எழுதி, மருந்துச் சீட்டோடு வைத்தல் வேண்டும்:

'நான் எலும்புக்கான மருந்து பெற்று வருகிறேன். மருந்தின் பெயர்: ............ தொடங்கிய ஆண்டு: ............ கடைசியாக ஊசி போட்ட நாள்: ............ மருந்தளித்த மருத்துவர்: ............ எனக்குப் பல் பிடுங்குமுன் இதனைக் கருதிப் பார்க்க வேண்டுகிறேன்.'

சில வரிகளே கொண்ட இவ்வட்டை ஒரு தாடையைக் காக்க வல்லது. ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் வளாகத்தில் ஜமாஅத் பெரியோர்கள் இதனை எடுத்துரைப்பின், பல இல்லங்களுக்கு இச்செய்தி ஒரே நாளில் சென்றடையும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மாணவர்கள் கண்ணொளி, குருதியழுத்தம் ஆகியவற்றைக் கேட்டறிவது போன்று, எலும்பு மருந்தைப் பற்றியும் ஒரு வினாவைச் சேர்த்துக் கொள்ளலாம். ஆசிரியப் பெருமக்கள் முன்னின்று வழிகாட்டுவார்களாயின் இது எளிதில் கைகூடும்.

உண்ணவும் உரையாடவும் ஓதவும் நமக்கு வாய்த்த அருட்கொடை தாடை. முதுமையில் ஒருவர் மென்று உண்பதும், தெளிவாகப் பேசுவதும், பேரப் பிள்ளைகளோடு சிரித்திருப்பதும் அதனால் அமைகின்றன. எலும்பைக் காக்கும் மருந்தைக் கைவிடாமலும், தாடையைப் பறிகொடுக்காமலும் முதியோரைப் பேணும் அறிவையும் பொறுப்பையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்குவானாக!